ஓதிப் பார்ப்பதும் மருந்தும்: ஜமாஅத்துகளுக்குத் தெரிய வேண்டிய விவரங்கள்

ஆசிரியருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முஸ்லிம் சமுதாயத்தில் மனநல விழிப்புணர்வு வேண்டும் என்று கட்டுரைகள் வருகின்றன. உலக மனநல நாளான அக்டோபர் 10 வந்தால் கூட்டங்களும் நடக்கின்றன. ‘மனநோயும் உடல்நோய் மாதிரிதான்’ என்று பேச்சாளர் சொல்கிறார், கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். மறுநாள் ஒரு தாய் இமாமிடம் வந்து, “மகன் ஒளு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுதல்) செய்யப் போனால் முக்கால் மணி நேரம் வெளியே வருவதில்லை, கொஞ்சம் ஓதிப் பாருங்கள்” என்று கேட்டால் அவருக்கு என்ன சொல்வதென்றே தெரிவதில்லை. பொதுவான பேச்சு இதுவரை போதுமான அளவு நடந்துவிட்டது. இமாமும் மதரஸா ஆசிரியரும் வீட்டாரும் அன்றாடம் பயன்படுத்தக்கூடிய விவரம்தான் இன்னும் போய்ச் சேரவில்லை. மனநலத் துறையில் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஓதிப் பார்ப்பதா, டாக்டரிடம் போவதா என்ற கேள்வியிலேயே பல குடும்பங்கள் மாதக்கணக்கில் நின்றுவிடுகின்றன. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும் என்று மார்க்கம் சொல்லவே இல்லை. எந்த நோயை இறக்கினாலும் அதற்குரிய நிவாரணத்தையும் அல்லாஹ் இறக்காமல் விட்டதில்லை என்ற நபிமொழி புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் (இறைவன் மீது நம்பிக்கை) வையுங்கள் என்பது திர்மிதி தொகுப்பில். வலிப்பு வரும்போது ஆடை விலகிவிடுகிறது என்று ஒரு பெண் வந்து முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அவருடைய ஈமானைச் சந்தேகிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. பொறுத்தால் சொர்க்கம், விரும்பினால் குணத்துக்கு துஆ செய்கிறேன் என்று முடிவை அவரிடமே விட்டார்கள்.

ஃபாத்திஹா, ஆயத்துல் குர்ஸீ, கடைசி இரண்டு சூராக்கள் ஓதி ஊதுவதால் எந்தச் சிகிச்சையும் கெட்டுப்போகாது. பலருக்கு மனம் ஆறுகிறது, அது நல்லதுதான். கெடுதல் வேறு இடங்களில் இருக்கிறது: மாத்திரையை நிறுத்தச் சொல்வது, அடிப்பது, புகை போடுவது, கட்டி வைப்பது, பட்டினி போடுவது, பெண்ணைத் தனியறையில் வைத்து ஓதுவது, ‘இன்னும் மூன்று அமர்வு பாக்கி’ என்று பணம் கேட்டுக்கொண்டே போவது. இதில் ஒன்று நடந்தாலும் நோயாளியை அழைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட வேண்டும். ஓதுகிறவர் மார்க்கம் அறிந்தவராக இருந்தால், ‘மாத்திரை சாப்பிடுகிறாரா, விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்’ என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சாக இருக்கும்.

சில நிலைகளில் ஓதிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கவே கூடாது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் காய்ச்சலோடு திடீரென்று பிதற்றினால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலும் அப்படித்தான். கையையும் காலையும் அழுத்திப் பிடிக்கவோ வாயில் எதையும் திணிக்கவோ கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். பயப்படத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. விடியும் நேரத்தில் கண் விழித்தும் கையைக் காலை அசைக்க முடியாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருந்து, நிழலுருவம்கூடத் தெரியும். ஜின் அமுக்கியதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தத் தூக்க முடக்கம்தான். கனவு காணும் உறக்கத்தில் மூளை தசைகளைக் கட்டி வைக்கிறது. அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். சில விநாடி முதல் ஓரிரு நிமிடத்தில் தானே விலகும். தூக்கம் குறைந்தவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அடிக்கடி வரும்.

இனி அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு வருகிறோம். வஸ்வாஸ் (ஓயாத சந்தேகம்) என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற இந்த நோய் நூற்றில் ஏறக்குறைய 2 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரக்கூடியது. மருத்துவத்தில் எண்ணச் சுழற்சி நோய் (OCD) என்கிறோம். மார்க்கப் பற்றுள்ளவர்களிடம் இது தொழுகையின் உருவத்திலேயே வருவதால் முதலில் பேணுதல் என்றுதான் தோன்றும். முழங்கையில் தண்ணீர் பட்டதா என்று சந்தேகம், மறுபடி கழுவுதல். தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிய பிறகு நிய்யத்து (தொழும் எண்ணம்) சரியாக வந்ததா என்று சந்தேகம், மறுபடி தக்பீர். சிறுநீர்ச் சொட்டு விழுந்ததோ என்று ஆடை மாற்றுதல். தலாக் என்ற சொல் வாயில் வந்துவிட்டதோ என்று நடுக்கம். அல்லாஹ்வைப் பற்றியே சொல்லக் கூசும் எண்ணங்கள் வந்து, நான் காஃபிராகிவிட்டேனோ என்று இரவெல்லாம் அழுவது. சிலர் ஒளு முடிப்பதற்குள் தொழுகையின் வக்து (நேரம்) போய்விட, சோர்ந்து தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். வீட்டாரோ ஈமான் போய்விட்டது என்கிறார்கள். உண்மையில் அந்தப் பிள்ளை தொழுகையைப் பெரிதாக நினைப்பதால்தான் நோய் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது.

வீட்டாரும் இமாமும் அன்போடு செய்கிற ஒரு காரியம்தான் இந்த நோயை வளர்க்கிறது. ‘ஒளு கூடிவிட்டதா?’ என்று கேட்கிறான், ‘கூடிவிட்டது’ என்கிறோம். 5 நிமிடம் நிம்மதி. அந்த நிம்மதி ருசித்துப் போன மூளை அடுத்த சந்தேகத்தை இன்னும் சீக்கிரம் கொண்டுவருகிறது. ஒரு நாளில் 30 முறை பதில் சொன்னால் 31-ஆவது கேள்வி நிச்சயம். ஆகவே இமாம் ஒரே ஒரு முறை தெளிவாக, முடிந்தால் எழுதிக் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும். மறுமுறை கேட்டால், ‘இதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன், மறுபடி சொன்னால் உன் நோய்க்குத்தான் தீனி’ என்று கனிவாக நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டாரும் அதையே சொல்ல வேண்டும். ஒருவர் நிறுத்தி இன்னொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பலன் இல்லை.

எழுதிக் கொடுக்க வேண்டிய பதிலுக்கு ஃபிக்ஹிலேயே (மார்க்கச் சட்டத்திலேயே) தாராளமாக இடம் இருக்கிறது. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது அடிப்படை விதி. காற்றுப் பிரிந்ததோ என்று சந்தேகம் வந்தால், சத்தம் கேட்கும்வரை அல்லது வாடை தெரியும்வரை தொழுகையை விட்டுப் போக வேண்டாம் என்ற ஹதீஸ் இருக்கிறது. சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் மனதில் வருகின்றன என்று சஹாபாக்கள் முறையிட்டபோது, அதுதான் தெளிவான ஈமான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. நபியவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளுவும், ஒரு ஸாஉ (4 முத்து) முதல் 5 முத்து வரையில் குளிப்பும் முடித்தார்கள். ஒரு முத்து என்பது இரண்டு கையும் சேர்த்து அள்ளும் அளவு, ஏறக்குறைய முக்கால் லிட்டர். ஹனஃபி கணக்கில் சற்றுக் கூடும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும் குழாயை 20 நிமிடம் திறந்து வைத்தால் 120 லிட்டர் ஆகிறது.

அந்த முத்துக் கணக்கே சிகிச்சைக்கும் உதவும். குழாயை விட்டுவிட்டு 1 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொடுக்கிறோம். முதல் வாரமே ஒரு பாட்டிலுக்குக் குறைத்தால் நோயாளி திணறிப்போவார். இப்போது எவ்வளவு செலவாகிறது என்று முதலில் அளந்து, 5 பாட்டில், 3 பாட்டில், கடைசியில் 1 பாட்டில் என்று படிப்படியாக இறக்க வேண்டும். தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து, சந்தேகத்தோடேயே தொழ வேண்டும். பதற்றம் ஏறும். கழுவாமல் பொறுத்துக்கொண்டால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தானே இறங்கும். அப்படி இறங்குவதை மூளை பலமுறை அனுபவித்தால்தான் பயம் விடும். கழுவி இறக்கினால் அந்தப் பாடம் நடப்பதே இல்லை. சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இதைப் பழகிய உளவியலாளர் துணையோடு செய்வது நல்லது. மருந்தாக ஃப்ளூக்ஸெட்டின், செர்ட்ரலின் போன்றவை கொடுக்கப்படும். மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படுவதும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆவதும் வஸ்வாஸில் வழக்கம். மூன்றாவது வாரத்தில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்துபவர்கள் ஏராளம்.

இது மேற்கத்திய இறக்குமதி என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். கி.பி. 934-இல் காலமான அபூ ஸைத் அல்-பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற நூலில் கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனி நோய்களாக எழுதிவைத்தார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் கவிகிற துக்கம் வேறு, பின்னதற்கு உடலுக்கான மருந்தும் வேண்டும் என்று பிரித்தவர் அவர். திடீர் நோய்க்காக வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, மனம் கலங்கும் நேரத்துக்காக நல்ல எண்ணங்களை முன்கூட்டியே சேர்த்துவைக்கச் சொன்னார். 1284-இல் கெய்ரோவில் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பிரிவு இருந்தது.

அடுத்தது ரமலான். தாமாக மருந்தை மாற்றிக்கொள்வதால் வரும் சிக்கல்கள் இந்த ஒரு மாதத்தில் குவிகின்றன, அவற்றில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை. முதலாவது லித்தியம். மனம் அளவுகடந்த எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோய்க்குத் தரப்படும் இந்த மருந்துக்குப் பலன் தரும் அளவும் நஞ்சாகும் அளவும் நெருக்கமானவை. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்போம், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து, வயதானவர்களுக்கு அதற்கு முன்பே. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கப் பார்க்கும். அதே வழியில் லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். நோன்பின் தலைவலிக்கு இஃப்தாருக்குப் பிறகு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டால் அளவு இன்னும் ஏறும். பாராசிட்டமால் அப்படிச் செய்யாது. கை வெடவெடவென்று நடுங்குவது, வாந்தி, பேதி, நாக்குக் குழறுவது, தள்ளாடுவது ஆகியவை நஞ்சேறும் அறிகுறிகள். அப்போது நோன்பை உடனே திறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லித்தியம் சாப்பிடுகிறவர் நோன்பு வைக்கலாமா என்பதை ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். வைக்கலாம் என்று சொன்னால், நோன்புக்கு முன் ஒரு பரிசோதனை, தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் இன்னொன்று. கடைசி வேளை மருந்துக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தம்தான் சரியான அளவைக் காட்டும். தராவீஹ் முடிந்து இரவு 10 மணிக்கு மாத்திரை போட்டால் காலை 10 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காலை 7 மணிக்கே கொடுத்துவிட்டால் அளவு கூடுதலாகத் தெரிந்து வீண் குழப்பம் வரும்.

மற்ற மருந்துகளிலும் கவனிக்க வேண்டியது உண்டு. மனப்பிறழ்வுக்குத் தரும் லுராசிடோன் வெறும் வயிற்றில் சரியாகச் சேராது, குறைந்தது 350 கலோரி உணவோடு போட வேண்டும். ஆகவே நோன்பு திறந்ததும் ஒரு பேரீச்சம்பழத்தோடு போட்டால் போதாது, முழுச் சாப்பாட்டோடு போட வேண்டும். அதே வகையைச் சேர்ந்த குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கவே கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும், மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் பல மாதங்களாகச் சாப்பிட்ட டயஸிபாம் வகை மாத்திரைகளை நோன்புக்காகச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மாதம் ஒருமுறை தசையில் போடும் ஊசி, ஊட்டச்சத்து இல்லாததால், நோன்பை முறிக்காது என்பது இக்கால அறிஞர்களில் பெரும்பாலானோரின் கருத்து. காப்ஸ்யூலின் ஜெலட்டின் மனதை உறுத்தினால் அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேட்டு மாற்றிக்கொள்ளலாம். வாய்விட்டுச் சொல்லாமல் வீசிவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

கடைசிப் பத்து இரவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கம் குறைவது இருதுருவ நோயில் வெறியெழுச்சியைக் கிளப்பும் வலுவான காரணங்களில் ஒன்று. தராவீஹ், தஹஜ்ஜுத், ஸஹர் என்று 4 மணி நேரத் தூக்கம் தொடர்ந்தால் ஆபத்து. அப்போது வரும் நோய் வணக்க ஆர்வத்தைப் போலவே தோற்றம் காட்டும், ஊரே பாராட்டும். வேறுபாடு இதுதான்: ஆர்வத்தால் விழித்தவர் மறுநாள் பகலில் சோர்ந்து தூங்குவார், நோயால் விழிப்பவர் 2 மணி நேரம் தூங்கியும் சோர்வே இல்லை என்பார், நிறுத்தாமல் வேகமாகப் பேசுவார், சேமிப்பு முழுவதையும் சதகா கொடுக்கப் புறப்படுவார், தடுத்தால் சீறுவார், தனக்கு விசேஷச் செய்தி வருகிறது என்றும் சொல்லக்கூடும். இரண்டு இரவு இப்படிப் போனாலே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இஃதிகாஃபில் (பள்ளிவாசலிலேயே தங்கி வணங்குவதில்) இருப்பவரை முதலில் கவனிக்கக்கூடியவர் பாங்கு சொல்லும் முஅத்தின்தான். அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நோயாளிக்கு நோன்பில் சலுகை சூரா அல்-பகராவின் 184, 185-ஆம் வசனங்களில் இருக்கிறது: குணமானால் கழா (விட்ட நோன்பைப் பிறகு வைப்பது), இனி முடியவே முடியாது என்றால் ஃபித்யா (ஏழைக்கு உணவளிப்பது). நீரிழிவுக்காரர் இந்தச் சலுகையை எடுத்தால் யாரும் கேட்பதில்லை. மனநோய்க்காக எடுப்பவர் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடிக்கிறார். மனநோய்க்கும் இந்தச் சலுகை உண்டு என்பதை ஜும்ஆ பயானில் அதன் பெயரைச் சொல்லியே அறிவிக்க வேண்டும்.

மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. இவை போதைப் பொருள் அல்ல. முதல் இரண்டு வாரம் குமட்டலும் படபடப்பும் இருக்கலாம். பலன் 2 முதல் 6 வாரத்தில் வரும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும், அதைக் கண்டு ‘மருந்து அடிமையாக்கிவிட்டது’ என்று தவறாக முடிவு கட்டுவார்கள்.

பெண்கள் விஷயத்தில் நாம் தவறவிடுவது பிரசவத்துக்குப் பின் வரும் நாட்களை. குடும்பத்தில் ஒருவர் மனம் சரியில்லை என்பதைத் தொழுகை விட்டுப்போவதை வைத்துத்தான் பலரும் முதலில் கவனிக்கிறார்கள். நிஃபாஸ் காலத்தில் (பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு உள்ள நாட்களில்) தாய்க்குத் தொழுகையே இல்லை என்பதால் அந்த அடையாளமும் மறைந்துவிடுகிறது. மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிட்டால் கவலையில்லை. அதற்கு மேலும் நீடித்தால், பிரசவகால மனச்சோர்வை அளக்கும், 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலை ஒரு செவிலியர் 5 நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். 30-க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். செர்ட்ரலின் எடுத்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். ஆயிரம் பிரசவத்தில் ஓரிருவருக்கு வரும் பிரசவ மனப்பிறழ்வு மட்டும் வேறு ரகம்: தூக்கமே இல்லை, குழப்பம், குழந்தையைப் பற்றி விபரீதப் பேச்சு. அது அவசர நோய். தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல் அன்றே கொண்டுபோக வேண்டும். பிரசவ வேதனையில், ‘இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா’ என்று மர்யம் (அலை) சொன்னதைக் குர்ஆன் (19:23) மறைக்காமல் சொல்கிறது. அதே வார்த்தையை நம் வீட்டுப் பெண் சொன்னால் ‘நன்றி கெட்டவள்’ என்கிறோம்.

நிக்காஹ் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையால் இரண்டு குடும்பங்கள் பாழாகின்றன. மறைத்துத் திருமணம் செய்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும், வேளை தவறும், சில மாதத்தில் நோய் திரும்பும். இருதுருவ நோய்க்கும் வலிப்புக்கும் தரும் வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்ணாக இருந்தால் திருமணப் பேச்சு தொடங்கும்போதே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும். கர்ப்பத்தில் அந்த மருந்து இருந்தால் ஏறக்குறைய 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது.

கணவனை இழந்து 4 மாதம் 10 நாள் இத்தாவில் (வீட்டோடு இருக்கும் காத்திருப்புக் காலத்தில்) இருப்பவள் சிகிச்சைக்காக வெளியே போவது தேவையின் கீழ் அனுமதிக்கப்பட்டது. யாரும் அதைச் சொல்லாததால் அறைக்குள்ளேயே கரைகிறாள்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. ‘அப்படியெல்லாம் நினைக்கவில்லையே?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் எப்போது, எப்படி என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேட்டுவிட்டு, மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி, தனியே விடாமல் அன்றே சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். ஹராம் என்று அவருக்கும் தெரியும். அந்தச் சொல்லை முதலில் எடுத்தால் அடுத்த வார்த்தையை அவர் சொல்லமாட்டார். அப்படி ஒரு மரணம் நடந்துவிட்ட வீட்டில், இறந்தவர் முஸ்லிம்தான், அவருக்கு ஜனாஸா தொழவேண்டும் என்பதே பெரும்பான்மை உலமாக்களின் நிலைப்பாடு. நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குத் தாம் தொழுவிக்காமல் இருந்தது பிறருக்கு எச்சரிக்கையாகத்தான் என்று அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். வலி தாங்காமல் தன்னையே மாய்த்துக்கொண்ட ஒரு முஹாஜிருக்காக (மதீனாவுக்குக் குடிபெயர்ந்தவருக்காக) நபியவர்கள் மன்னிப்பு வேண்டி துஆ செய்ததும் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஜனாஸாவுக்குத் தயங்கி நிற்கும் ஜமாஅத்தைப் பார்க்கிற இன்னொரு இளைஞன், இனி தன் மனதில் இருப்பதை யாரிடமும் சொல்லமாட்டான்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரமலானுக்கு முன் நாளிதழ்களில் ஸஹர், இஃப்தார் நேர அட்டவணை வெளியாகும். அதன் அடியில் மூன்று வரிக்கு இடம் ஒதுக்குங்கள்: ‘மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம். வேளையை மாற்றும் முன், ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேளுங்கள். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.’ அட்டவணையை வெட்டிச் சுவரில் ஒட்டுகிற வீடுகளில் அந்த வரிகள் மாதம் முழுவதும் கண்ணில் படும்.

இப்படிக்கு,
மனநலத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்